சின்னப் பொம்மைக் கம்பெனி நம்ம பேச்சைக் கேட்கணுமா, வேண்டாமா?

ஒரு வாசகர், 3 மார்ச் 2025

கோயம்புத்தூர்ப் பக்கம் ரெண்டு பேர் நடத்துற ஒரு சின்னக் கம்பெனி. ஆறு அங்குல வேல்வீரன் பொம்மைக்கு முன்பணம் கட்டி 11 மாசம் ஆச்சு. ஆரம்பத்துல வாரம் ஒரு போட்டோ போட்டாங்க. ரெண்டு மாசமா சத்தமே இல்லை. கணுக்கால் மூட்டு, முகம், நிறம்னு நாங்க சொன்ன எதுக்கும் பதில் வரலை. பெரிய கம்பெனிக்காரன் நம்மளைக் கண்டுக்கமாட்டான், அது தெரிஞ்ச விஷயம். ரெண்டே பேர் நடத்துற இடத்துலயும் காசு கொடுத்தவன் பேச்சு எடுபடலைன்னா எப்படி?

3 மார்ச் 2025, இரவு, என் பதில்

கேட்கணும். இதுல ரெண்டாம் பேச்சே கிடையாது. நானும் அதே வேல்வீரனுக்குப் பணம் கட்டினவன்தான். கடையில இருக்கிற சரக்கை வாங்குறவன் வேற, சரக்கே உருவாகாதப்ப நம்பிப் பணம் கொடுக்கிறவன் வேற. நம்பிக் கொடுத்தவன் சொன்னதை அவங்க செஞ்சே ஆகணும்.

ஃபோர் ஹார்ஸ்மென்னைப் பாருங்க. மெக்ஃபார்லேன் டாய்ஸ்ங்கிற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியில சிற்பிகளா இருந்த நாலு பேர் 1999-ல வெளியே வந்து ஆரம்பிச்ச ஸ்டுடியோ. பார்பி பொம்மை போடுற மேட்டலுக்காக மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் கிளாசிக்ஸ் வரிசையைச் செதுக்கினது அவங்கதான். சொந்தப் பொம்மை போடணும்னு வந்தப்ப, எதைச் செய்யலாம்னு சேகரிக்கிறவங்களையே ஓட்டுப் போடச் சொன்னாங்க. பிறகு 2014-ல மித்திக் லீஜன்ஸ் வரிசைக்குக் கிக்ஸ்டார்ட்டர்ல, அதாவது ஜனங்ககிட்ட முன்கூட்டியே பணம் சேர்க்கிற இணையதளத்துல, பணம் திரட்டினாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த வரிசை ஓடுது. சேகரிக்கிறவனைக் கூட வச்சுக்கிட்டா சின்னக் கம்பெனி நிலைக்கும்.

4 மார்ச் 2025

திருத்தம். மித்திக் லீஜன்ஸ் 2015. நான் 2014-னு போட்டது பாஸ் ஃபைட் ஸ்டுடியோவோட கிரேக்கப் புராண வரிசை. அவங்க ஹாஸ்ப்ரோங்கிற பெரிய அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியில வேலை பார்த்துட்டு வெளியே வந்தவங்க. ரெண்டும் கிக்ஸ்டார்ட்டர்ங்கிறதால குழப்பிட்டேன்.

9 மார்ச் 2025

நான் எப்ப இருந்து சேகரிக்கிறேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இந்தப் பொம்மைக்கு இங்கிலீஷ்ல 'ஆக்‌ஷன் பிகர்'னு பேரு. 'பிகர்' சேர்க்கிறேன்னு நம்ம ஊர்ல சொன்னா வேற அர்த்தமாயிடும். அதனால நான் எப்பவும் பொம்மைன்னுதான் சொல்றது.

1991. அப்பச்சி மதுரைக்குப் போயிட்டு வந்தப்ப ஒரு ஜி.ஐ. ஜோ ராணுவ வீரன் பொம்மை வாங்கிட்டு வந்தாங்க. ஃபன்ஸ்கூல் போட்டது. ஹாஸ்ப்ரோவும் எம்.ஆர்.எஃபும் சேர்ந்து 1987-ல ஆரம்பிச்ச கம்பெனி அது. ஹாஸ்ப்ரோவோட அச்சுலயே இங்கே வார்த்ததுதான், ஆனா நிறம் பல பொம்மைகள்ல அமெரிக்கப் பொம்மைக்குச் சம்பந்தமே இல்லாம இருக்கும். அங்கே 1994-ல அந்த வரிசை நின்னுபோச்சு. இங்கே அதுக்கப்புறமும் பழைய அச்சுல வந்துக்கிட்டே இருந்தது. அதனால இன்னிக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம்ம ஊர் ஜோவைத் தேடித் தேடி வாங்குறாங்க.

அந்தப் பொம்மையோட இடுப்புக்குள்ள ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஓ-ரிங். மார்பு, இடுப்பு, கால் மூணையும் இழுத்துப் பிடிச்சு நிறுத்துறது அதுதான். 1982-ல ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த அமைப்பு. ரப்பருக்கு ஆயுசு கொஞ்சம். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது என் ஆள் ரெண்டாப் போயிட்டான். முதுகுல ஒரே ஒரு ஸ்குரூ. சைக்கிள் கடை அண்ணன் அதைக் கழட்டி, பழைய ட்யூப்ல மெல்லிசா ஒரு வளையம் வெட்டிப் போட்டுக் கொடுத்தார். ஒரிஜினலைவிடக் கொஞ்சம் தடிமனான வளையம், அதனால இடுப்பு விறைப்பா நின்னது. 34 வருஷமாச்சு, இப்பவும் அவன் நிமிர்ந்துதான் நிக்கிறான்.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரு பொம்மையைப் பிரிச்சுப் பார்த்துச் சரிபண்ணத் தெரிஞ்சவங்கதான் சேகரிக்கிறவங்க. அதுல எது தேயும், எது உடையும்னு நமக்கு விரல்ல தெரியும். செஞ்சவனுக்குக்கூட அது தெரிஞ்சிருக்காது, அவன் அதை 30 வருஷம் வச்சிருந்து பார்த்ததில்லையே.

10 மார்ச் 2025

அந்தப் பொம்மை விலைக்கு இல்லை. மூணு பேர் தனியாக் கேட்டுட்டீங்க.

15 மார்ச் 2025

'முகத்தை மாத்தச் சொன்னோம், ஒரு மாசத்துல முடியாதா?'ன்னு ஒரு பதிவு பார்த்தேன். கொஞ்சம் அச்சுக் கணக்கு பேசுவோம்.

பிளாஸ்டிக் மலிவு. அச்சுதான் விலை. எஃகுக் கட்டையில பள்ளம் குடைஞ்சு, உருகின பிளாஸ்டிக்கை அழுத்தத்துல உள்ளே தள்ளி வார்க்கிறாங்க. தோள், புஜம், முழங்கை, மணிக்கட்டுன்னு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பள்ளம். குடைஞ்ச எஃகுல இன்னும் கொஞ்சம் குடையலாம், குடைஞ்சதைத் திரும்ப நிரப்புறது பெரும்பாடு. அதாவது மூக்கைப் பெருசாக்குறது சுலபம், சின்னதாக்குறது கஷ்டம். 500 பொம்மை போட்டாலும் 50,000 போட்டாலும் அச்சுக்கு ஆகுற காசு கிட்டத்தட்ட ஒண்ணுதான். 500 போடுறவன் தலையில அது எப்படி விடியும்னு யோசிங்க.

அதனாலதான் சின்னக் கம்பெனிகள் ஒரே உடம்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துறாங்க. மித்திக் லீஜன்ஸ்ல கவசம் மாறும், தலை மாறும், உள்ளே இருக்கிற கை கால் பலதும் அதேதான். ஓனெல் டிசைன்ங்கிற சின்னக் கம்பெனி ஆரம்பிச்ச கிளையோஸ் மூட்டு இன்னும் ஒரு படி மேலே. மூட்டுக் குமிழ் ஒரே அளவு, அதனால ஒரு பொம்மையோட கையை இன்னொண்ணுக்கு மாட்டலாம். மத்த சின்னத் தயாரிப்பாளர்களும் அதே அளவுல செய்ய ஆரம்பிச்சதால கம்பெனி விட்டுக் கம்பெனியும் பொருந்துது. அச்சு மாறாம நிறத்தை மட்டும் மாத்தி மாத்தி விடுவாங்க.

நம்ம ஆத்தங்குடியில தரைக்கல் செய்யறவங்க பண்றதும் இதுதானே? கண்ணாடி மேல தகட்டு அச்சை வச்சு, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமெண்டைக் கையால ஊத்துறாங்க. பூ அச்சு ஒண்ணுதான். ஒரு வீட்டுல அது சிவப்பு, அடுத்த வீட்டுல பச்சை. அதைப் பார்த்து யாரும் 'ஏமாத்திட்டான், அதே அச்சு'ன்னு சொல்றதில்லை. நம்ம ஆளுங்க மட்டும் 'நிறத்தை மாத்தி அதே பொம்மையைத் தலையில கட்டுறான்'னு எழுதறாங்க. நானே எழுதியிருக்கேன். இனிமே எழுத மாட்டேன்.

16 மார்ச் 2025

நேத்து எழுதினதைப் படிச்சா முதல் நாள் எழுதினதோட இடிக்குது. 'சொன்னதைச் செஞ்சே ஆகணும்'னு சொன்னவன் நான். இன்னும் யோசிக்கணும்.

2 ஏப்ரல் 2025

வரி பத்திக் கேட்டவருக்கு: 2020 பிப்ரவரி பட்ஜெட்ல இறக்குமதிப் பொம்மைக்குச் சுங்க வரி 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு. 2023-ல 70. கூடவே 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு பி.ஐ.எஸ் தரமுத்திரை கட்டாயம். 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்க விளையாடுற எதுவும் அதுல அடங்கும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யற பொம்மைக்கு விலக்கு உண்டு.

வெளிநாட்டுச் சின்னக் கம்பெனிங்க பல பேர் நம்மளைக் கணக்குலயே வைக்காததுக்கு இதுவும் ஒரு காரணம். உள்ளூர்ல ரெண்டு பேர் துணிஞ்சு இறங்கினா நான் முன்பணம் கட்டுறதுக்கும் இதுதான் காரணம்.

27 ஏப்ரல் 2025

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்குது. இந்த வெயில்ல நடந்த ஒண்ணு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டுச் சின்னக் கம்பெனிகிட்ட வாங்கின பொம்மையைத் தேக்குப் பெட்டகத்துல பூட்டி வச்சிருந்தேன். கெட்டிச் சுவரு, சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே ஜில்லுன்னு இருக்கும்னு நம்பிக்கை. மே மாசம் திறந்தா, உடம்பு பூரா பிசுபிசுன்னு இருக்கு. கணுக்கால் வளைஞ்சு, முன்னாடி சாஞ்சு நிக்கிறான். பிளாஸ்டிக்கை மெத்துன்னு வைக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பதமான பொருள் வெளியே கசியுது. காத்தாடாத பெட்டியில வச்சா அது பொம்மை மேலயே தங்கிடும். அந்தக் காரணமெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது.

அஞ்சு போட்டோ எடுத்து, ஒவ்வொரு நாளும் அறையில எத்தனை டிகிரின்னு குறிச்சு அனுப்பினேன். திட்டலை, என்ன ஆச்சுன்னு மட்டும் சொன்னேன். மறுநாளே அதைச் செதுக்கினவரே பதில் எழுதினார். சோப்புத் தண்ணியில கழுவுங்க, திறந்த அலமாரியில வைங்க, வளைஞ்ச காலை வெந்நீர்ல முக்கி நேராக்கி உடனே பச்சைத் தண்ணியில விடுங்கன்னு. அவர் இருக்கிற ஊர்ல இந்த வெப்பம் கிடையாது. அடுத்த முறை வார்க்கும்போது கணுக்காலுக்குக் கெட்டி பிளாஸ்டிக் போட்டாங்க. புதுக் கால் ஒரு ஜோடி எனக்கு அனுப்பியும் வச்சாங்க, காசு வாங்காம.

ஒரு பெரிய கம்பெனியில என் கடிதம் செதுக்கின ஆள் கைக்குப் போயிருக்குமா?

28 ஏப்ரல் 2025

வெந்நீர்னா கொதிக்கிற தண்ணி இல்லை. பெயிண்ட் போயிடும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே. இறுகிப்போன மூட்டுக்கும் இதேதான். முறுக்கி உடைச்சுட்டு எனக்கு போட்டோ அனுப்பாதீங்க, மனசு கஷ்டமா இருக்கு.

18 மே 2025

இப்ப மாத்திச் சொல்லப்போறேன். மார்ச் 3-ல எழுதினது பாதி தப்பு.

இன்னொரு கம்பெனி. பேர் வேண்டாம். ஒரு பெண் போர்வீரர் பொம்மையோட மாதிரி முகத்தைப் போட்டு அபிப்பிராயம் கேட்டாங்க. கண்ணைப் பெருசாக்குங்க, தாடையைக் குறைங்க, தழும்பை எடுங்கன்னு ஒரு 40 பேர் விடாம எழுதினோம். நான் மட்டும் எட்டுத் தடவை எழுதியிருப்பேன். பாவம், எல்லாத்தையும் கேட்டாங்க. பொம்மை கைக்கு வந்தது. நாலு பேர் ருசிக்கு உப்புப் போட்ட குழம்பு மாதிரி ஒரு முகம். யார் முகமும் இல்லை. முதல்ல போட்ட மாதிரியில அந்தத் தழும்புதான் அவளையே காட்டுச்சு. அதை எடுக்கச் சொன்னதுல நானும் ஒருத்தன். எழுதின 40 பேர்ல பாதிப் பேர் வாங்கவும் இல்லை. அந்த வரிசை அதோட நின்னுபோச்சு.

கணுக்கால் விஷயத்துல என் பேச்சைக் கேட்டது சரி. முக விஷயத்துல கேட்டது தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி 'சேகரிப்பாளர் கருத்து'தான். ஆனா ஒண்ணு நான் கண்ணால பார்த்தது, இன்னொண்ணு எனக்குத் தோணினது.

19 மே 2025

'அப்ப ஹார்ஸ்மென் ஓட்டு?'ன்னு கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. அவங்க எந்தப் பொம்மை வரட்டும்னு கேட்டாங்க. தேர்ந்தெடுத்த பிறகு செதுக்கின கை அவங்களுது.

25 மே 2025

வயசான பிறகு பொம்மை எதுக்குன்னு என் மச்சான் மாதிரியே இங்கேயும் ஒருத்தர். எங்க ஆயா (பாட்டி) கல்யாணத்துல பரப்பின சாமான்ல ஒரு ஜோடி மரப்பாச்சி இருந்தது. ஆயா போற வரைக்கும் அதைத் தன் அலமாரியிலதான் வச்சிருந்தாங்க. யாரும் ஆயாகிட்ட எதுக்குன்னு கேட்டதில்லை. இப்போ காரைக்குடியில பழஞ்சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுல நடந்தா, யார் யார் வீட்டு ஆயாவோடதோ கடைவாசல்ல நிக்குது. அதனால நான் எதையும் விக்கிறதில்லை.

11 ஜூன் 2025

எங்க ஊருக்குத் தெற்கே ஒரு கிராமத்துல அய்யனாருக்குப் புரவி எடுப்பு, அதாவது மண்குதிரை செஞ்சு தூக்கிட்டுப் போற திருவிழா. போன மாசம் பிடிமண் கொடுத்தாச்சு. தெரியாதவங்களுக்கு: ஊர்ப் பெரியவங்க ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் (மண்ணுல குதிரை செய்யற குயவர்) கையில கொடுப்பாங்க. அந்த மண்ணையும் சேர்த்துத்தான் அவர் குதிரையைத் தொடங்குவார். நம்ம முன்பதிவுதான் அது, ஆனா வெறும் காசா இல்லாம ஊரோட மண்ணையே கொடுக்கிறது.

நேத்து வேளார் வீட்டுக்குப் போயிருந்தேன். களிமண்ணுல மணலும் உமியும் கலந்து, உள்ளே கூடு விட்டு, கால் கால் தனியா எழும்பிக்கிட்டு இருக்கு. ஊர்ப் பையன்க நாலு பேர் போன்ல ஒரு படத்தைக் காட்டி, முன்னங்காலைத் தூக்கி நிக்கிற மாதிரி வேணும்னு கேட்டாங்க. அவர் கடைசி வரைக்கும் கேட்டார். படத்தைப் பெருசு பண்ணிக்கூடப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"முன்னங்காலைத் தூக்கினா பாரம் பூரா பின்னங்காலுக்கு வந்துரும் தம்பி. சூளையிலயே விரிசல் விடும். சூளையில தப்பிச்சாலும் நீங்க தோள்ல தூக்கிட்டுப் போகும்போது விட்டுரும். எத்தனை குதிரை, என்னைக்கு வேணும், அதைச் சொல்லுங்க. காலை என்கிட்ட விட்ருங்க."

சொன்னதோட நிக்காம, பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் எப்பவோ விரிசல் விட்டுப்போன ஒரு காலைக் காட்டினார். பையன்க அதைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் கழுத்து மணி ஒரு வரிசை கூடப் போட முடியுமான்னு கேட்டாங்க. போடலாம்னுட்டார்.

ராத்திரி பூரா இந்தக் கால்தான் நினைப்புல. வேளார் அவங்க சொன்னதைச் செய்யலை. ஆனா அந்தப் பையன்க ஒருத்தன்கூடக் கோபமாப் போகலை. ஏன்னா அவர் காது கொடுத்துக் கேட்டார், முடியாதுன்னு முகத்துக்கு நேரே சொன்னார், உடைஞ்சதை ஒளிக்காமக் காட்டினார். மூணு மாசமா நான் தேடுற பதில் பின்கட்டுல கிடந்தது.

12 ஜூன் 2025

ஒரு நண்பர், கிக்ஸ்டார்ட்டரை நம்ம புள்ளி வரியோட ஒப்பிட்டிருக்கார். கோயில் திருப்பணிக்குக் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவுன்னு எல்லாரும் கொடுக்கிறது. அழகான ஒப்பீடு, ஆனா முழுசாப் பொருந்தலை. புள்ளிக்குக் கணக்குக் காட்டியாகணும். இங்கே கணக்குக் காட்டணும்னு கட்டாயம் இல்லை, காட்டுறவங்க மனசைப் பொறுத்தது.

முன்பணத்துல பொம்மை விக்கிறதும் புதுசு இல்லை. 1977 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வார்ஸ் பொம்மை தயாராகலைன்னு கென்னர் கம்பெனி வெறும் உறையை வித்தது. உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பினா அடுத்த வருஷம் தபால்ல நாலு பொம்மை வரும். வந்தது.

பெரிய கம்பெனிகளும் இப்ப இந்த வழிக்கு வந்தாச்சு. ஹாஸ்ப்ரோ 2018-ல ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜப்பாவோட படகுப் பொம்மைக்கு 5,000 பேர் வேணும்னு கேட்டது. ஒரு படகு 500 டாலர். 8,810 பேர் சேர்ந்தாங்க. அதே ஹாஸ்ப்ரோ 2021-ல அதே படத்து ராட்சச மிருகம் ரேங்கருக்கு 9,000 பேர் கேட்டுக் கிடைக்காம விட்டுடுச்சு. ஒரு திட்டம் விழுந்தாலும் அவங்க அடுத்ததுக்குப் போவாங்க. ரெண்டு பேர் கம்பெனிக்கு ஒண்ணு விழுந்தா வீட்டு நகை போகும்.

6 ஜூலை 2025

இதைச் சொல்லாம விட்டா இந்த இழையில நான் எழுதினதுக்கு அர்த்தமில்லை.

பிப்ரவரியில, அதாவது மேலே அந்தக் கேள்வி வர்றதுக்கு முந்தியே, வேல்வீரன் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். 'திருட்டு'ங்கிற வார்த்தை அதுல இருந்தது. பதில் வரலை. புரவி பார்த்துட்டு வந்த மறுவாரம் திரும்ப எழுதினேன். மன்னிப்புக் கேட்டுட்டு, என்ன உடைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன்.

மூணு நாள்ல போன் வந்தது. டை (வார்க்கிற அச்சு) வெட்டுற இடத்துல ரெண்டு முழங்கையும் வலது கைக்கே வெட்டிட்டாங்களாம். திரும்ப வெட்ட மறுபடி பணம். 'அண்ணே, சொன்னா எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பீங்கன்னு பயம். அதுக்கும் மேல வெட்கம். வரைபடத்தைச் சரிபார்த்து அனுப்பினது நாங்கதான்.' அந்தப் பையனுக்கு 26 வயசு. குரல் நடுங்குச்சு. என் கடிதத்தை அவன் படிச்சிருக்கான். அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

அந்த ரெண்டு வலது முழங்கையையும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கன்னு சொன்னேன். ரொம்பத் தயங்கினாங்க. போன வாரம் அனுப்பிட்டாங்க. பணம் கட்டின 160 பேர்ல நாலு பேர்தான் திருப்பிக் கேட்டாங்களாம். பதினோரு பேர் புதுசாச் சேர்ந்திருக்காங்க.

7 ஜூலை 2025

'நாலு பேர் கேட்டது தப்பா?' தப்பே இல்லை. அவங்க பணம், அவங்க நிலைமை. கேட்டதும் கொடுத்தாங்க, அதுதான் எனக்குப் பெருசு.

3 ஆகஸ்ட் 2025

பெயிண்ட் அடிக்காத முதல் வார்ப்பு மூணு பேருக்கு அனுப்பியிருக்காங்க, எனக்கும் ஒண்ணு. இடது முழங்கை இடது கைக்குத்தான் இருக்கு. கூட ஒரு துண்டுச்சீட்டு: 'முகத்தைப் பத்தி எதுவும் சொல்லாதீங்கண்ணே, மூட்டை மட்டும் பாருங்க.'

பார்க்கிறேன். முகம் பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

4 ஆகஸ்ட் 2025, இரவு

ஒவ்வொரு மூட்டையும் 500 தடவை மடக்கி நீட்டுறேன். தோள் 500 தாண்டியும் இறுக்கம் குறையலை. முட்டி நல்லாயிருக்கு. வலது முழங்கை 500. இடது முழங்கையில 312-ஆவது மடக்குல ஊசி மாதிரி ஒரு வெள்ளைக்கோடு, ஆணி போற ஓட்டைக்குப் பக்கத்துல. 340-ல கோடு கொஞ்சம் நீண்டது. உடையலை. ஜன்னல் வெளிச்சத்துல மூணு போட்டோ எடுத்தேன், எண்ணிக்கையோட அனுப்பியாச்சு. மத்த ரெண்டு பேரும் அதே இடத்தைப் பார்த்துச் சொல்லுங்க, உங்களுக்கும் கோடு விழுதான்னு.